வீட்டுக்காசில் கை வை

அன்புள்ள ஜெரோமுக்கு,

அப்பா எழுதுகிறேன். போனில் பேசாமல் இதென்ன புதுப் பழக்கம் என்று நினைப்பாய். போனில் பேசினால் மூன்றாவது வார்த்தையிலேயே "சரிப்பா, சரிப்பா" என்று சொல்லி நீ வைத்துவிடுவாய். நானும் குரலை உயர்த்திவிடுவேன். தோணியில் காற்றுக்கும் இன்ஜினுக்கும் மேலே கத்திக் கத்திப் பழகிய தொண்டை இது. கொஞ்சினாலும் அதட்டுகிற மாதிரிதான் இருக்கிறது என்று உன் அம்மா சொல்வாள். தாளில் எழுதினால் அந்தச் சத்தம் இருக்காது அல்லவா? இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இதை நீ தனியாகப் படிக்க வேண்டாம். பியூலாவைப் பக்கத்தில் உட்காரவைத்து, வாய்விட்டுப் படி. கல்யாணமாகி இரண்டு வருஷமாகியும் அவளுக்குத் தெரியாமல் ஒரு கடன் உன் தலையில் இருக்கிறது. கடனைவிட அந்த ஒளிவுமறைவுதான் என்னை அதிகமாக உறுத்துகிறது. அவள் நாசரேத்தில் வாத்தியார் வீட்டுப் பிள்ளை. கணக்குச் சொன்னால் புரிந்துகொள்வாள், மறைத்தால்தான் மனசு விட்டுப்போகும்.

போன புதன்கிழமை சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்திருந்தபோது தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது. ஒரு பெண்பிள்ளை, மரியாதையான குரல். "ஜெரோம் சாரோட அப்பாங்களா?" என்று கேட்டது. "ஆமா தாயி, நீ யாரு?" என்றேன். கிரெடிட் கார்டு பாக்கி விஷயமாகப் பேசுவதாகவும், நீ போனை எடுப்பதில்லை என்றும், நீ கொடுத்த இன்னொரு நம்பர் என்னுடையது என்றும் சொன்னது. நான் சிரித்துவிட்டேன். "ஏம்மா, நீ வேற ஆளத் தேடுத. எம் மவன் வீடு வாங்கக் காசு சேத்து வச்சிருக்கான். அவனுக்கு என்ன கடன்?" என்றேன். "அது எங்களுக்குத் தெரியாது சார். ரெண்டு மாசமா மினிமம்கூடக் கட்டல" என்றது. "நீ சாப்பிட்டியாம்மா?" என்று கேட்டேன். அந்தப் பிள்ளை, "சாப்பிட்டேன் சார், அவரைக் கட்டச் சொல்லுங்க" என்று வைத்துவிட்டது. டீ ஆறி ஆடை கட்டிவிட்டது. கடைக்காரர், "என்ன அண்ணாச்சி, மவன் வீடு முடிஞ்சிட்டா?" என்று கேட்டபோது தலையை மட்டும் ஆட்டிவிட்டு வந்துவிட்டேன்.

அன்றைக்கே உன்னிடம் கேட்டேன். நீ முதலில் மழுப்பினாய். அப்புறம் எல்லாவற்றையும் கொட்டினாய். கொட்டியது வரைக்கும் சந்தோஷம். மூன்றரை லட்சம் என்று நீ சொன்னபோது என் காது அடைத்துப்போனது உண்மை. ஆனாலும் அதைவிட, கடைசியில் நீ சொன்ன ஒரு வார்த்தைதான் இன்னும் காதுக்குள் நிற்கிறது. "பேங்க்ல எட்டு லட்சம் கிடக்குல்ல, அதுல எடுத்து அடைச்சிருக்கலாம்லா?" என்று நான் கேட்டேன். நீ சின்னப்பிள்ளை மாதிரி, "நீங்கதானப்பா சொன்னீங்க, வீட்டுக்காசுல கை வைக்கப்படாதுன்னு" என்றாய். நான்தான் சொன்னேன். உன் முதல் சம்பளம் வந்த அன்றைக்கு, உன்னைக் கூட்டிக்கொண்டுபோய்த் தனிக் கணக்குத் திறக்கவைத்து, "இது நம்ம தோணி டிரம் மாதிரி. மூடியத் தொடப்படாது" என்று சொன்னவன் நான்தான். நீ ஒரு நாளும் தொடவில்லை. கல்யாணத்துக்குக்கூடத் தொடவில்லை.

கல்யாணச் செலவு எங்கே போய் முட்டியது என்று இப்போதுதான் புரிகிறது. என்னோடு தோணியில் வந்த ஆட்கள், அவர்கள் வீட்டுப் பிள்ளைகள், தெரு முழுக்க என்று ஒருவரை விடாமல் கூப்பிட்டவன் நான். "சாப்பாட்டுல கொற வைக்கப்படாதுலே" என்று உன் தலையில் கட்டியவனும் நான். நீ சிரித்துக்கொண்டே "பாத்துக்கலாம்ப்பா" என்றாய். மண்டபத்துப் பாக்கியையும் பிரியாணிப் பாக்கியையும் கார்டில் தேய்த்துத்தான் பார்த்துக்கொண்டாய் என்று யார் கண்டது? அதற்குமேல் ஏறியதில் உன் கைங்கர்யமும் உண்டு. அதை விட்டுக்கொடுக்க மாட்டேன். புது போன் ஒன்றை வாங்கி என்னிடம் காட்டி விலையைப் பாதியாகக் குறைத்துச் சொன்னாயே, அதை நான் அன்றைக்கே நம்பவில்லை. கொடைக்கானலுக்குப் போனீர்கள், சோபா வந்தது, அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வந்தது. அந்த மெஷினை அவள் இன்னும் துணி போட்டு மூடித்தான் வைத்திருக்கிறாள், தூசி பட்டுவிடுமாம். எதுவும் தப்பான செலவு இல்லை ராசா. எல்லார் வீட்டிலும் ஆகிற செலவுதான். கையில் இருந்த காசைப் பூட்டிவைத்துவிட்டு, இல்லாத காசில் செய்ததுதான் தப்பு.

நீ போனில் சொன்னதை வைத்து நான் உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாசம் பதினைந்தாயிரம் வீட்டுக்கணக்கில் போடுகிறாய். நல்லது. கார்டுக்காரன் மாசம் நூற்றுக்கு மூன்றரை ரூபாய் போடுகிறான். அப்படியென்றால் வட்டி மட்டும் பன்னிரண்டாயிரத்துக்குமேல் ஆகிறது. ஒரு கையால் வைத்ததை மறு கையால் எடுத்து வேறொருவனுக்குக் கொடுத்துக்கொண்டிருக்கிறாய். பேங்கில் கிடக்கிற எட்டு லட்சமோ வருஷம் முழுக்கத் தூங்கி எழுந்தாலும் கார்டுக்காரன் வருஷத்துக்கு எடுப்பதில் பாதிகூடக் கொண்டுவராது. நம் ஊர் மீன் ஏலக்கூடத்தில் மூன்று வட்டிக்குக் கொடுக்கிற ஒருத்தர் உண்டு. அவர் எதிரே வந்தால் ஆட்கள் அடுத்த தெருவுக்குள் நுழைந்துவிடுவார்கள். நீ என்னடாவென்றால் அவரைவிட அரை வட்டி கூட வாங்குகிறவனைப் பர்சுக்குள் வைத்துக்கொண்டு திரிகிறாய். படித்த பிள்ளைக்கு இது தெரியாதா என்று ஒரு நிமிஷம் கோபம் வந்தது. தெரிந்திருக்கிறது. தெரிந்தும் என் வார்த்தைக்காகத்தான் கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாய் என்று நினைத்தபோது கோபம் இருந்த இடம் தெரியாமல் போய்விட்டது.

உன் அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்றுதான் பயந்தேன். மில்லர்புரம் பிளாட்டைப் பார்க்கப் போன அன்றிலிருந்து அவள் பாதி அங்கேதான் குடியிருக்கிறாள். அன்றைக்கு நீயும் பியூலாவும் பால்கனியில் நின்று புரோக்கரோடு பேசிக்கொண்டிருந்தீர்கள். அவள் ஹாலில் வாசலுக்கு நேர் எதிரே இருந்த சுவரில் உள்ளங்கையை வைத்து அமுக்கிப் பார்த்தாள். "இங்கனதான் மாதா படம்" என்று என்னிடம் மெதுவாகச் சொன்னாள். நம் வாடகை வீட்டில் அந்தப் படம் இத்தனை வருஷமும் அலமாரி மேல் சாய்ந்துதான் நின்றது என்று உனக்குத் தெரியும். நாம் குடிவந்த அன்றைக்கு வீட்டுக்கார அண்ணாச்சி சொன்ன ஒரே நிபந்தனை, "செவுத்துல ஆணி மட்டும் அடிக்கப்படாது" என்பதுதான். அதனால் காலண்டர் ஜன்னல் கம்பியில் தொங்கியது. நீ பள்ளிக்கூடத்தில் வாங்கிய கேடயம்கூட அரிசி டின் மேலேதான் உட்கார்ந்தது. பிளாட்டைப் பார்த்து வந்த மறுநாளே அவள் மாதா படத்தைப் பழைய சேலையில் சுற்றிக் கட்டிவைத்துவிட்டாள். திங்கட்கிழமை அக்ரிமென்ட் என்று தெரு முழுக்கச் சொல்லியும் ஆகிவிட்டது.

ஆனாலும் மறைக்க முடியுமா? மறுநாள் காலையில் அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன். கையிலிருந்த சாளையை அப்படியே சட்டியில் போட்டுவிட்டு என்னைப் பார்த்தாள். "பிள்ள ஒழுங்கா ஒறங்குதானா?" என்றுதான் முதலில் கேட்டாள். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீ ஏன் அந்தக் காசை எடுக்கவில்லை என்பதையும் சொன்னேன். அப்போதுதான் அவளுக்குக் கோபம் வந்தது; உன்மேல் இல்லை, என்மேல். "எங்க அண்ணன் தொறந்த டிரம்ம நீரு மறுபடி ரொப்பி வச்சீரே, அத அவன்ட்ட என்னைக்காவது சொன்னீரா?" என்றாள். இல்லை என்றேன். "அப்பச் சொல்லும். மொதல்ல அதச் சொல்லிட்டுப் பொறவு அவனுக்குப் புத்தி சொல்லும்" என்றாள். அவளுக்குத் தெரியாது என்று இத்தனை காலம் நினைத்திருந்தேன்.

பியூலாவுக்கு இது புரியாது, அதனால் கொஞ்சம் விளக்குகிறேன். நான் தோணியில் தண்டலாக இருந்தேனம்மா. தண்டல் என்றால் அந்தச் சரக்குத் தோணியை நடத்துகிறவன். வெங்காயம், உருளைக்கிழங்கு, செங்கல் எல்லாம் ஏற்றிக்கொண்டு மாலத்தீவிலிருக்கிற மாலிக்குப் போவோம். குடிக்கத் தண்ணீர் ஒரு தொட்டியில் இருக்கும். அதுபோக, மூடி இறுக்கிய நீல டிரம் ஒன்று தனியாக நிற்கும். அது ஆபத்துக்கு என்று வைப்பது. ஆனால் எங்கள் தோணியில் அதைத் திறக்காமல் கரைக்குக் கொண்டுவருவதே ஒரு கெத்தாக ஆகிப்போனது. முழு டிரம்மோடு திரும்புகிற தண்டல்தான் நல்ல தண்டல் என்று பேசிக்கொள்வோம். ஜெரோம், உனக்கு ஞாபகம் இருக்கும், நான் வந்து இறங்கியதும் நீ ஓடிவந்து அந்த டிரம்மைத்தான் முதலில் தட்டிப் பார்ப்பாய். கனத்த சத்தம் கேட்டதும், "எங்கப்பா தொறக்கவே இல்ல!" என்று துறைமுகத்துக்கே கேட்கிற மாதிரி கத்துவாய். உனக்கு வாங்கிவந்த மிட்டாயைக்கூட அதற்குப் பிறகுதான் கேட்பாய்.

ஒரு தடவை பாதிவழியில் இன்ஜின் படுத்துவிட்டது. காற்றும் இல்லை. தோணி கிடந்த இடத்திலேயே கிடந்து ஆடியது. தொட்டியில் எங்கோ விரிசல் விட்டு, கடல்தண்ணீர் கலந்துபோயிருந்தது. முதலில் லேசாக உப்புக் கரித்தது. பிறகு ஆட்களுக்கு வயிற்றைப் புரட்ட ஆரம்பித்தது. அம்மாவின் அண்ணன், உன் சூசை மாமாதான் சமையல். அவர் வைத்த கஞ்சியைக் குடித்தவர்கள் அப்படியே கக்கினார்கள். ஒருத்தருக்குக் கண் சொருகிவிட்டது. டிரம் என் பக்கத்திலேயே நின்றது. நான் திறக்கவில்லை. "இன்னும் மோசமா ஆகும், அப்பத் தேவப்படும்" என்று சொல்லிக்கொண்டே இருந்தேன். பயம் ஒரு பக்கம் என்றாலும், உண்மையைச் சொல்கிறேன், நீ வந்து தட்டிப் பார்ப்பாயே என்கிற நினைப்பும் உள்ளே இருந்தது. சூசை மாமா ஸ்பேனரை எடுத்துக்கொண்டு வந்தார். நான் மறித்தேன். "ஏலே மாப்ள, ஆள் செத்த பொறவு டிரம்மக் கர சேத்து என்ன செய்யப் போற? பூச்செடி வைக்கப் போறியா?" என்றார். நான் அவர் கையைப் பிடித்துத் தள்ளினேன். பெண் கொடுத்த வீட்டு ஆள், என்னைவிட வயதில் பெரியவர், தள்ளியேவிட்டேன். அவர் எழுந்து, என்னைத் தாண்டிப் போய், மூடியை நெம்பிவிட்டார். அந்தத் தண்ணீரில்தான் எல்லோரும் பிழைத்தோம். பின்னால் வந்த வேறொரு தோணி எங்களைக் கட்டி இழுத்து வந்தது.

கரைக்கு வந்ததும் முதலாளி தோணியில் ஏறினார். டிரம்மைப் பார்த்தார், மூடி நெளிந்து கிடந்தது. அதைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. ஆட்களைத்தான் ஒவ்வொருவராகப் பார்த்தார். "எல்லாரும் வந்துட்டியளா? அப்பஞ் சரி" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். அந்த வார்த்தையை அன்றைக்கே நான் வீட்டுக்குக் கொண்டுவந்திருக்க வேண்டும். நான் செய்தது வேறு. நீ வருவதற்குள் துறைமுகக் குழாயில் தண்ணீர் பிடித்து டிரம்மை நிரப்பினேன். நெளிந்த மூடியைத் தட்டி நிமிர்த்தி இறுக்கினேன். நீ ஓடிவந்து தட்டினாய். கனத்த சத்தம் கேட்டது. "எங்கப்பா தொறக்கவே இல்ல!" என்று கத்தினாய். சூசை மாமா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, உன்னைத் தோளில் தூக்கிக்கொண்டு போய்விட்டார். என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லை. இப்போது மணப்பாட்டில்தான் இருக்கிறார், கேட்டுப் பார், சிரிப்பார். நீ அன்றைக்குக் கேட்ட சத்தம் பொய்யடா. அந்தப் பொய்ச் சத்தத்தை நம்பித்தான் இன்றைக்கு எட்டு லட்சத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உப்புத்தண்ணீர் குடிக்கிறாய். என்னை மன்னித்துக்கொள்.

அதனால் சொல்கிறேன், வீட்டுக்காசில் கை வை. முழுசாகக் கை வை, பயந்து பயந்து கிள்ளி எடுக்காதே. திங்கட்கிழமை நீ மில்லர்புரத்துக்கு வருவதற்கு முன்னால் அந்தக் கார்டுப் பாக்கியைக் கடைசிப் பைசா வரைக்கும் அடை. அடைத்ததற்கு எழுத்தில் வாங்கிக்கொள். இரண்டு கார்டு என்றாயே, ஒன்றை மூடிவிடு. இன்னொன்று வேண்டுமென்றால் இருக்கட்டும், மாசாமாசம் முழுசாகக் கட்ட முடிகிற அளவுக்குத்தான் தேய்க்க வேண்டும். மீதி நாலரை லட்சம் இருக்கும். அது வீட்டுக்கு முன்பணமாகப் பத்தாது, தெரியும். இருக்கட்டும். வட்டிக்குப் போய்க்கொண்டிருந்த பன்னிரண்டாயிரத்தையும் சேர்த்து இனிமேல் மாசம் போட்டால் நீ நினைப்பதைவிடச் சீக்கிரம் பழைய இடத்துக்கு வந்துவிடுவாய். பேங்கிலும் வீட்டுக்கடன் கேட்டுப் போகும்போது தலைநிமிர்ந்து உட்காரலாம். இப்போது போனால் உன் கார்டுக் கதை உனக்கு முன்னால் போய் அங்கே உட்கார்ந்திருக்கும். இந்தப் பாக்கியோடு வீட்டுக்கடனையும் தலையில் ஏற்றினாயானால், அந்த வீட்டில் நீ நிம்மதியாக ஒரு ஞாயிற்றுக்கிழமைகூட மீன்குழம்பு சாப்பிட மாட்டாய். மறுபடியும் ஆபத்து வந்தால் மறுபடியும் டிரம்மைத் திற. அதற்குத்தான் அது இருக்கிறது.

பிளாட்டுக்கார அண்ணாச்சியிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியது நீதான். வேறு ஆட்களும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள், நீ பின்வாங்கினால் அந்த வீடு போய்விடும் என்பதும் எனக்குத் தெரியும். போகட்டும். அங்கே குடியேற வேண்டும் என்று எனக்கும் ஆசை இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் துறைமுகத்து கிரேன் தெரிகிறது, அதைப் பார்த்துக்கொண்டே காலையில் டீ குடிக்கலாம் என்றெல்லாம் மனசுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். ஆனால் நாலு தெரு தள்ளி வாடகை வீட்டில் இருந்தாலும் எனக்கு டீ இறங்கும். உன் போன் அடிக்கும்போது நீ பயந்து ஸ்கிரீனைக் கவிழ்த்து வைக்கிறாய் என்று நினைத்தால்தான் இறங்கவில்லை. தெருவில் கேட்பார்களே என்று கவலைப்படாதே. கேட்டால் நான் பதில் சொல்லிக்கொள்கிறேன், எனக்கு வேறு என்ன வேலை?

கடைசியாக அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும், அவள் மனசு உடைந்துபோனாளோ என்று நீ அங்கே கிடந்து தவிப்பாய். நேற்றுக் காலையில் மீன் வாங்கப் போகிறேன் என்று கிளம்பியவள் நேரே வீட்டுக்கார அண்ணாச்சியின் கடைக்குப் போயிருக்கிறாள். நானும் பின்னாலேயே போனேன். பருப்பு மூட்டைகளுக்கு நடுவில் நின்றுகொண்டு, "அண்ணாச்சி, நாங்க இன்னுங் கொஞ்ச வருசம் ஒங்க வீட்டுலதான் இருப்போம். செவுத்துல ஒரே ஒரு ஆணி அடிச்சிக்கிடட்டுமா? மாதா படத்துக்கு" என்று கேட்டாள். எனக்கு வெட்கமாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது. அண்ணாச்சி தராசை நிறுத்திவிட்டு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தார். "ஆணியா? அது அப்பம் புதுசா வெள்ளையடிச்சிருந்தேன், அதுக்குச் சொன்னது. சாமி படத்துக்கு ஆணி அடிக்க இத்தன வருசமா ஏம்மா கேக்காம இருந்திய?" என்றார்.

வீட்டுக்கு வந்ததும் அவள் படத்தைச் சுற்றியிருந்த சேலையை அவிழ்த்து, ஸ்டூலைப் போட்டு, சுத்தியலை என்னிடம் தராமல் தானே ஏறி, வாசலுக்கு நேர் எதிரே இருக்கிற சுவரில் அடித்தாள். படம் ஏறிவிட்டது. இடது பக்கம் சாய்ந்திருக்கிறது என்கிறேன் நான். நேராகத்தான் இருக்கிறது, உமக்குத்தான் கண்ணு சரியில்லை என்கிறாள் அவள். நேற்றிலிருந்து இதே சண்டை. திங்கட்கிழமை கடனை அடைத்துவிட்டு, பியூலாவையும் கூட்டிக்கொண்டு நேரே இங்கே வா. வாசலில் நின்று பார்த்து, நீயே சொல்லிவிடு.

உன் அப்பா